இணைய வேகத்துக்கு ஏற்ப ரிமோட் டெஸ்க்டாப்பை அமைப்பது எப்படி?

ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலுள்ள கணினியின் திரையை நம் கணினியில் திறந்து இயக்கும் வசதி) திணறினால் பலரும் தங்கள் டவுன்லோடு வேகத்தைத்தான் சோதிப்பார்கள். ஆனால் திரையின் காட்சி கிளம்புவது மறுமுனைக் கணினியிலிருந்து. அங்கே அப்லோடு 1 எம்பிபிஎஸ் என்றால், இங்கே 100 எம்பிபிஎஸ் இருந்தும் பயனில்லை. வேகச் சோதனையை அந்தக் கணினியில் ஓட்டி, அப்லோடு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கோளாறு வேகத்திலா (நொடிக்கு எவ்வளவு தரவு வருகிறது) தாமதத்திலா (தரவு போய்வர எவ்வளவு நேரமாகிறது) என்று பாருங்கள். மறுமுனைக் கணினியில் நோட்பேடைத் திறந்து விறுவிறுவென்று ஒரு வரி தட்டுங்கள். மவுஸ் அம்பு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, எழுத்துகள் மட்டும் பின்தங்கி வருகின்றன என்றால் பெரும்பாலும் தாமதம்தான். (அம்பை வரைவது உங்கள் கணினி, அதனால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.) சன்னலை மாற்றும்போது படம் துண்டுதுண்டாக நிரம்பினால் வேகம் போதவில்லை. தாமதத்தைக் கீழே சொல்லும் அமைப்புகள் தீர்க்காது. வைஃபையை விட்டு கேபிளுக்கு மாறிப் பாருங்கள்.

வேகம்தான் குறை என்றால், விண்டோஸில் இப்படிச் செய்யுங்கள்:

1. ரிமோட் டெஸ்க்டாப் கனெக்‌ஷனைத் திறந்து, இணைப்பதற்கு முன்பே ‘ஷோ ஆப்ஷன்ஸ்’ அழுத்துங்கள்.

2. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ பக்கத்தில் வேகத்தைத் தேர்ந்தெடுங்கள். 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் கீழே என்றால் ‘லோ-ஸ்பீடு பிராட்பேண்ட்’. அதிலும் திணறினால் ‘மோடம்’. பின்னணிப் படம், அசைவுகள், எழுத்து மெருகு எல்லாம் நின்றுவிடும். வேகம் நிலையாக இல்லாவிட்டால் தானாகக் கண்டறியும் தேர்வே போதும்.

3. ‘பெர்சிஸ்டன்ட் பிட்மேப் கேச்சிங்’ குறியை மட்டும் எடுக்காதீர்கள். ஒருமுறை வந்த படத்துண்டுகளை உங்கள் வட்டில் சேமித்து, திரும்ப அனுப்பும் வேலையைக் குறைப்பது அதுதான். வேகம் கூட்டுவதாக நினைத்து எல்லாக் குறிகளையும் நீக்கினால் எதிர்விளைவுதான்.

4. ‘டிஸ்ப்ளே’ பக்கத்தில் அளவை 1920×1080-இலிருந்து 1280×720-க்கு இறக்குங்கள். சுமார் 20.7 லட்சம் புள்ளிகள் 9.2 லட்சமாகும், பாதிக்கும் குறைவு. மெதுவான இணைப்பில் நான் முதலில் கை வைக்கச் சொல்வது இங்கேதான்.

5. ‘லோக்கல் ரிசோர்சஸ்’ பக்கத்தில் ஒலியை நிறுத்துங்கள். பிரிண்டர், டிரைவ் இணைப்புகள் தேவையில்லையென்றால் எடுத்துவிடுங்கள். கிளிப்போர்டு (நகலெடுத்து ஒட்டும் வசதி) இருக்கட்டும். ஆனால் பெரிய கோப்பை அதன் வழியே நகலெடுத்தால், முடியும்வரை திரை திணறலாம். இரண்டுக்கும் பாதை ஒன்றே.

6. ‘ஜெனரல்’ பக்கத்தில் ‘சேவ் ஆஸ்’ கொடுத்து, வீட்டு இணைப்புக்கு ஒன்று, மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒன்று எனத் தனித்தனிக் கோப்புகளாகச் சேமியுங்கள்.

முழுத்திரையில் மேலே உள்ள பட்டையில் சிக்னல் குறியைச் சொடுக்கினால் இணைப்பின் தரமும், யுடிபி (தொலைந்த தரவுக்காகக் காத்திருக்காமல் அனுப்பும் முறை) இயங்குகிறதா என்பதும் தெரியும். யுடிபி இல்லையென்றால், வழியிலுள்ள ஃபயர்வால் (இணையப் போக்குவரத்தை வடிகட்டும் தடுப்பு) 3389-ஆம் போர்ட்டில் (ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் வாசல் எண்) டிசிபியை (தரவு சேர்ந்ததா என்று சரிபார்த்து அனுப்பும் முறை) மட்டும் விடுகிறதா எனப் பாருங்கள். பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) தொலையும் இணைப்பில் யுடிபி நன்றாகத் தாக்குப்பிடிக்கும். அதற்காக ரூட்டரில் அந்தப் போர்ட்டை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல்லை ஊகித்து நுழையப் பார்க்கும் தானியங்கி நிரல்கள் எப்போதும் அதைத் தேடிக்கொண்டிருக்கும். விபிஎன் (இணையத்தின் ஊடே செல்லும் பாதுகாப்பான தனி இணைப்பு) வழியாகவே இணையுங்கள்.