ஆட்டோகேட்: திரையில் தெரிவது தாளில் வராமல் இருக்க

ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில் உதவிக்கோடுகள், லேஅவுட்டில் (அச்சுத்தாள் பக்கம்) வரைபடத்தைக் காட்டும் ஜன்னலான வியூபோர்ட்டைச் சுற்றியுள்ள சட்டம், நமக்கென்று எழுதிவைத்த குறிப்புகள் எல்லாம் வரையும்போது கண்ணில் பட வேண்டும். பிரிண்டில் வரக் கூடாது. இதற்காக ஒவ்வொரு முறையும் அவை இருக்கும் லேயரை (வரைபடத்தின் அடுக்கு) அணைத்து, பிரிண்ட் எடுத்து, மறுபடி போட வேண்டியதில்லை.

1. கமாண்ட் லைனில் எல்ஏ என்று அடித்து எண்டர் தட்டுங்கள். லேயர் பட்டியல் திறக்கும். புதிய லேயர் ஒன்று போட்டு, 'நோபிரிண்ட்' மாதிரி பார்த்ததும் புரிகிற பெயர் வையுங்கள். நிறத்துக்கு மெஜந்தாதான் என் கட்சி, வேறெதோடும் குழம்பாது.

2. அதே வரியில் 'பிளாட்' (அச்சிடுதல்) பத்தியில் குட்டி பிரிண்டர் படம் இருக்கும். தெரியாவிட்டால் பட்டியலை இழுத்து அகலமாக்குங்கள். படத்தைக் கிளிக் செய்தால் தடைக்குறி விழும்.

3. சட்டத்தையும் உதவிக்கோடுகளையும் அந்த லேயருக்கு மாற்றிவிட்டு, பிரிவியூ பாருங்கள்.

வேலை முடிந்தது. ஆனால் சில சமயம் தலைகீழாக நடக்கும்: திரையில் சுவர் இருக்கும், தாளில் இருக்காது. உடனே பிரிண்டரைத் திட்டாதீர்கள். முதலில் டெஃப்பாயிண்ட்ஸ் லேயரைப் பாருங்கள். டைமென்ஷன் (அளவுக்குறி) போட்டதும் ஆட்டோகேட் தானாக உருவாக்கும் லேயர் இது; இதில் இருப்பது எதுவும் அச்சாகாது. அது கரண்ட் லேயராக இருப்பதைக் கவனிக்காமல் வரைந்தால் அத்தனையும் அதில் போய் உட்கார்ந்துவிடும். கியூசெலக்ட் கட்டளையில் லேயர் டெஃப்பாயிண்ட்ஸ் என்று கொடுத்தால் சிக்கியவை மொத்தமாகத் தேர்வாகும். அப்புறம் சரியான லேயருக்கு மாற்றிவிடலாம்.

பிளாக்குக்குள் (பல கோடுகளை ஒரே பொருளாகக் கட்டிய தொகுப்பு) ஒளிந்திருந்தால் கியூசெலக்ட் பிடிக்காது. கதவு, நாற்காலி மட்டும் காணாமல் போனால் அந்த பிளாக்கை பிஎடிட் (பிளாக்கைத் திருத்தும் கட்டளை) மூலம் திறந்து, உள்ளே இருக்கும் கோடுகளை 0 லேயருக்கு மாற்றுங்கள். பிளாக்கை எந்த லேயரில் வைக்கிறோமோ, அதன் குணம் அவற்றுக்கு வந்துவிடும்.

டெஃப்பாயிண்ட்ஸையே நோபிரிண்ட் லேயராகப் பயன்படுத்துகிறவர்கள் நிறைய. எனக்குப் பிடிக்காது. கோப்பை அடுத்து திறப்பவருக்கு எது வேண்டுமென்றே வைத்தது, எது தவறி விழுந்தது என்று தெரியாது.

பின்சேர்க்கை: அடியில் இருப்பதை மறைக்கப் போடும் வைப்அவுட்டின் ஓரக்கோடு பிரிண்டில் வருகிறது என்று சிலர் கேட்டிருந்தார்கள். வைப்அவுட்ஃபிரேம் மதிப்பை 2 ஆக்குங்கள்; திரையில் தெரியும், அச்சாகாது. மோனோகுரோம் சிடிபி (எல்லா நிறத்தையும் கறுப்பாக அச்சிடச் சொல்லும் அச்சு அமைப்புக் கோப்பு) போட்டும் சில கோடுகள் கலரில் வருகின்றனவா? அவற்றுக்கு ட்ரூ கலர் (எண் பட்டியலில் இல்லாத, ஆர்ஜிபி மதிப்பில் தரும் நிறம்) கொடுத்திருப்பார்கள். சிடிபி கவனிப்பது 1 முதல் 255 வரையுள்ள இண்டெக்ஸ் நிறங்களை மட்டுமே. நிறத்தை இண்டெக்ஸுக்கு மாற்றினால் கறுப்பாகிவிடும்.