பனிப்புயல் நாளில் வேலைக்குப் போகும் தங்கைமாருக்கு

கனடாவின் ரொறன்ரோ நகரில் உள்ள ஸ்காபரோவில் வீடு வீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் வேலையில் பதினேழு வருடங்களாக இருக்கிறேன். பி.எஸ்.டபிள்யூ, அதாவது தனிநபர் பராமரிப்பு உதவியாளர், என்றால் இங்கே எல்லோருக்கும் தெரியும். புயல் எச்சரிக்கை வந்தால் பள்ளிப் பேருந்துகள் நின்றுவிடும், கந்தோர்க்காரர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்வார்கள். படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு அணையாடை மாற்ற நாங்கள் நேரில்தான் போக வேண்டும்.

புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அக்கா, எந்தக் கோட்டு வாங்கலாம்?" என்பதுதான். கோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வேலை புயலுக்கு முந்திய நாள் இரவிலேயே தொடங்கிவிடுகிறது.

எச்சரிக்கை வந்ததும் மறுநாள் பார்க்க வேண்டியவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். மகளோடு இருக்கும் அம்மாவின் குளிப்பு ஒரு நாள் தள்ளிப் போகலாம். பக்கவாதம் வந்து தனியாக இருக்கும் ஐயாவைத் தள்ளிப்போட முடியாது. காலையில் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் அவருக்கு முதுகில் புண் வரும். மின்சாரத்தில் ஓடும் ஒட்சிசன் இயந்திரத்தை நம்பி இருப்பவரும் பட்டியலில் மேலே வர வேண்டும். 2013 டிசம்பரில் பெய்த உறைமழையில் மரங்கள் முறிந்து மின்கம்பிகளில் விழுந்து, ரொறன்ரோவில் ஏறக்குறைய 3 இலட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. நத்தார் கழிந்தும் இருளில் இருந்த வீடுகள் உண்டு. வரிசையை எழுதியதும் இரவே மேற்பார்வையாளரிடம் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். யாரை விடுவது என்று நீங்களாக முடிவெடுக்க வேண்டாம்.

பிறகு குடும்பத்தாரைத் தொலைபேசியில் அழையுங்கள். வாசல் விளக்கை எரியவிடச் சொல்லுங்கள், கதவடியில் ஒரு வாளி உப்பு வைக்கச் சொல்லுங்கள். நான் விழுந்த இரண்டு தடவையும் தெருவில் விழவில்லை. நோயாளியின் வீட்டுப் படியில்தான் விழுந்தேன். உப்பு பூச்சியத்துக்குக் கீழே 10 பாகை வரையில்தான் ஒழுங்காக வேலை செய்யும். அதற்கும் கீழே போனால் மணல் போடச் சொல்லுங்கள். பனி உருகாது, ஆனால் கால் பிடிக்கும்.

இனி உடுப்பு. குளிரைவிட ஈரத்துக்கு அஞ்சுங்கள். முழங்கால் அளவு பனியில் பத்து நிமிடம் நடந்தால் எந்தக் குளிரிலும் வியர்க்கும். பருத்தி உடுப்பு அந்த வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். பேருந்துக்காக நிற்கும்போது அந்த ஈரமே உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே உடம்போடு ஒட்டியிருப்பது கம்பளி அல்லது பொலியெஸ்டர் உள்ளுடுப்பாக இருக்கட்டும். அதற்கு மேல் ஒரு கம்பளிச் சட்டை, எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் நீரும் புகாத கோட்டு. வேகமாக நடக்கும்போது கோட்டின் சிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள், நின்றதும் ஏற்றுங்கள். அந்தச் சிப் உங்கள் கையில் ஓயாமல் ஏறி இறங்க வேண்டும்.

சப்பாத்தை அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இரண்டு சோடி காலுறை போட்டு இறுக்கினால் இரத்தம் ஓடாது, விரல் முதலில் விறைப்பது அப்படித்தான். தடித்த கம்பளிக் காலுறை ஒரு சோடி போதும். கைப்பையில் இன்னும் இரண்டு சோடி பிளாஸ்ரிக் பையில் சுற்றி இருக்கட்டும். ஒவ்வொரு வீட்டிலும் மாற்றுவேன். கைக்கு, விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறைதான் சூடு. சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள் பனிக்கட்டியில் உயிரைக் காக்கும். ஆனால் தொடர்மாடியின் பளிங்குத் தரையில் அதே முள் சறுக்கி விழுத்திவிடும். கட்டடக் கதவைத் திறக்கும் முன்பே கழற்றுங்கள்.

நம் பெண்களுக்கு மட்டும் ஒரு சொல். தோட்டைக் கழற்றிவிட்டுப் போங்கள். 2014 ஜனவரியில், காற்றோடு சேர்ந்த குளிர் -30ஐத் தாண்டிய ஒரு காலையில், காது மூடும் தொப்பி இருந்தும் அது மேலே ஏறியதை நான் கவனிக்கவில்லை. நோயாளி வீட்டுக் கண்ணாடியில் பார்த்தபோது தோட்டைச் சுற்றிக் காதுமடல் மெழுகுபோல வெளுத்திருந்தது. தொட்டால் உணர்ச்சி இல்லை. பதறிப்போய்த் தேய்த்தேன். அது பெரிய பிழை, தேய்த்தால் தோல் இன்னும் கெடும். சூடான உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பதே சரி. விரலானால் 37 முதல் 39 பாகை இளஞ்சூட்டு நீரில் வைக்க வேண்டும், மீண்டும் குளிரில் இறங்கத் தேவையில்லை என்றால் மட்டும். உணர்ச்சி திரும்பாவிட்டாலோ கொப்புளம் வந்தாலோ வைத்தியரிடம் போங்கள். எனக்கு ஒரு வாரம் எரிந்து, பிறகு தோல் உரிந்தது. கனடிய வானிலைத் துறை சொல்லும் காற்றுக்குளிர் எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் வெளிக்கிடுங்கள். -28க்குக் கீழே போனால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம், -40க்குக் கீழே 5 முதல் 10 நிமிடத்தில்.

பேருந்தில் போகிறவர்கள் ஒரு மணி நேரம் முன்பே கிளம்புங்கள். செங்குத்தான இடங்களில் உள்ள சில தரிப்பிடங்களில் புயல் நாளில் பேருந்து நிற்காது. எவை என்று இரவே பார்த்துவையுங்கள். மோர்னிங்சைட் தெரு ஹைலண்ட் கிறீக் ஓடையை நோக்கி இறங்கும் சரிவு எனக்கு நல்ல பாடம் தந்திருக்கிறது. பனியகற்றும் வண்டி தெருவோரத்தில் ஒதுக்கிவிட்ட பனி மேட்டின் மேல் ஏறி நின்று பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்க்காதீர்கள். சறுக்கினால் சில்லின் முன்னால்தான் விழுவீர்கள். நடக்கும்போது கைகளைக் கோட்டுப் பையிலிருந்து வெளியே எடுங்கள், பாதத்தைத் தட்டையாக வைத்துச் சிறு அடியாக நடங்கள். கைத்தொலைபேசியைக் கோட்டுக்குள் உடம்போடு வையுங்கள். குளிரில் மின்கலம் திடீரென்று அணைந்துவிடும்.

கார் உள்ளவர்கள் எரிபொருளை அரைத் தாங்கிக்குக் கீழே போகவிடாதீர்கள். போர்வை, சவள், ஒரு பை மணல் பின்னால் இருக்கட்டும். 2022 ஜனவரி 17 அன்று ரொறன்ரோவின் சில பகுதிகளில் அரை மீட்டருக்கு மேல் பனி கொட்டி, டொன் வலி நெடுஞ்சாலையையே மூடினார்கள். அதே வருடம் நத்தார் நேரம் அமெரிக்காவின் பஃபலோவில் வந்த புயலில் காருக்குள்ளேயே இறந்தவர்கள் உண்டு. அகப்பட்டுக்கொண்டால் காரை விட்டு இறங்கி நடக்காதீர்கள்; பறக்கும் பனியில் திசை தெரியாது. புகைக்குழாயைச் சுற்றிப் பனியை அகற்றிவிட்டு, மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இயந்திரத்தை ஓடவிடுங்கள், காற்று அடிக்காத பக்கக் கண்ணாடியை விரற்கடை இறக்கிவையுங்கள். அந்தக் குழாய் அடைபட்டால் காபன் மொனொக்சைட்டு உள்ளே வரும், மணமே இருக்காது.

நோயாளி வீட்டுக்கும் அதே ஆபத்து உண்டு. உள்ளே போகும் முன் வீட்டின் பக்கச் சுவரைப் பாருங்கள். புதிய வெப்பமூட்டிகளின் வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள் தாழ்வாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்று பனியை அங்கே குவித்து மூடிவிடும். கையாலேயே தள்ளிவிடுங்கள், ஒரு நிமிடம் ஆகாது. மின்சாரம் போன வீட்டில் யாராவது கரியடுப்பை உள்ளே கொண்டுவந்தால் உடனே வெளியே எடுக்கச் சொல்லுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம்.

உள்ளே போனதும் நேரே படுக்கையடிக்கு ஓடாதீர்கள். சப்பாத்தைக் கழற்றி, காலுறை மாற்றி, கையை வெந்நீரில் கழுவி, கன்னத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கன்னத்துக்குக் குளிர்ந்தால் அவருக்கு இன்னும் குளிரும். எண்பது வயது முதுகில் குளிர்ந்த கை பட்டால் உடம்பே திடுக்கிடும். பேச்சிழந்த ஒரு அம்மா அப்படித் திடுக்கிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. பிறகு ஒருநாளும் நான் அவசரப்படவில்லை.

போகவே முடியாத நாளும் வரும். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமை தொழிலாளருக்குச் சட்டத்தில் உண்டு. ஆனால் உங்கள் மறுப்பு இன்னொருவர் உயிரை நேரடியாக ஆபத்தில் தள்ளும் என்றால் மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை செய்வோருக்கு அந்த உரிமை மட்டுப்படும். அதனால்தான் மேற்பார்வையாளருக்கு முன்னதாகவே சொல்லச் சொல்கிறேன், மாற்று ஆள் தேட அவர்களுக்கு நேரம் வேண்டும். நான் முன்பு வேலை செய்த ஒரு நிறுவனத்தில், வர முடியவில்லை என்றதற்கு அந்த வாரம் முழுவதும் என் மணிநேரங்களைக் குறைத்தார்கள். இப்போது அழைத்த நேரம், பேசியவர், சொன்ன பதில் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிவைக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்துக்குள் செய்தித்தாளைக் கசக்கி நிரப்புங்கள். வெப்பமூட்டியின் மேல் வைக்காதீர்கள், தோல் வெடிக்கும். சப்பாத்தில் உப்பு படிந்த வெள்ளைத் தடத்தை வினாகிரி நனைத்த துணியால் துடையுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஈரத்தாளை எடுத்துவிட்டுப் புதுத்தாள் வையுங்கள். காலை ஐந்து மணிக்குள் காய்ந்திருக்கும்.