குவில்ட் கட்டத்தில் காகிதத்தை எப்போது கிழிப்பது?

குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வைக்காக, தருமபுரி டெய்லர் கடை வெட்டுத்துண்டுகளை வடிவம் அச்சடித்த காகிதத்தின் மேல் நான் தைத்த கட்டங்கள், காகிதத்தைக் கிழித்ததும் ஓரம் நெளிந்து ஒன்றோடொன்று சேரவில்லை. கஞ்சி போட்டேன், குண்டூசிகளை நெருக்கிக் குத்தினேன். இஸ்திரி தேய்க்கத் தேய்க்க இன்னும் இழுத்துக்கொண்டது. ஓரத்தில் துணி கிராஸாக (இழைக்குச் சாய்வாக) வந்திருந்தது. அதைப் பிடித்து நிறுத்தியதே காகிதம்தான்.

நாலு பக்கமும் அடுத்த கட்டத்தோடு தைத்த பிறகு கிழித்தேன், சரியாக உட்கார்ந்தது. ஆனால் இணைப்புத் தையலுக்கு வெளியே நிற்கும் கால் அங்குலக் கீற்றை மட்டும் இஸ்திரிக்கு முன்பே உருவிவிட வேண்டும். விட்டால் தையல் தடித்து நிற்கும். தையல் நீளம் 1.5 மி.மீ., ஊசி அளவு 90/14. தையல் நீளம் 2.5 வைத்தால் காகிதத்தோடு நூலும் இழுபடும். தையல்மேல் நகத்தால் மடித்து, கடைசியாகத் தைத்த துண்டிலிருந்து பின்னோக்கிக் கிழியுங்கள். காகிதத்தில் உள்ளது இங்க்ஜெட் அச்சென்றால் தண்ணீர் தொடாதீர்கள், மை துணியில் இறங்கும்.