பட்டம் வாங்கியாச்சு, வேலை வரவில்லை: நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பத்து வருடமாக பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். கல்லூரிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் குறைந்த வருடங்களில், ஜூனில் ரெசூம் அடிக்க வந்த பிள்ளைகளே தைப் பொங்கல் கழித்தும் வந்துகொண்டிருப்பார்கள். காலம் மந்தமாக இருப்பதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? ஆனால் ஒரே இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் குவியும்போது, சின்னக் குறையைக்கூடச் சாக்காக வைத்துக் கம்பெனிக்காரர்கள் ஒதுக்கிவிடுவார்கள். கையில் இருக்கிற பணம், சான்றிதழ், வயது மூன்றையும் இந்த நேரத்தில்தான் கவனமாகக் காப்பாற்ற வேண்டும்.

மாரண்டஹள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, பி.எஸ்சி. வேதியியல். “அறுபது இடத்துக்குப் போட்டுட்டேன், ஒருத்தருமே கூப்பிட மாட்டேங்கறாங்கண்ணா” என்றாள். ரெசூமைத் திறந்து பார்த்தேன். அதில் இருந்த மின்னஞ்சல், கல்லூரியில் சேரும்போது வேறொரு சென்டரில் திறந்து கொடுத்தது. பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியாது. போன் நம்பர் அப்பாவுடையது. அவர் தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுகிற நேரத்தில் போனை எடுப்பதே இல்லை. அவரை வரவழைத்து, அவர் போனுக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டு உள்ளே போனோம். ஓசூர் கம்பெனி ஒன்றின் நேர்காணல் அழைப்பு அதில் கிடந்தது. வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த ஒரு தவறை நான் பார்த்த அளவுக்கு வேறு எதையும் பார்த்ததில்லை. மின்னஞ்சலும் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும், காலையும் மாலையும் திறந்து பாருங்கள், ஸ்பேம் பெட்டியையும் சேர்த்து.

ரெசூமில் நண்பனுடைய வரிகளை அப்படியே வைக்காதீர்கள். பி.காம். படித்த பெண்ணின் ரெசூமில் மெக்கானிக்கல் பையனின் புராஜெக்ட் தலைப்பு இருந்ததை நானே அழித்திருக்கிறேன். நீங்கள் கைப்படச் செய்த ஒன்றை இரண்டு வரியில் எழுதினால் போதும்.

அடுத்தது பணம். என் அக்கா மகன் 2020இல் பட்டம் முடித்தான், கொரோனா வருடம். பெங்களூரில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒரு கன்சல்டன்சி 60,000 ரூபாயும் ஒரிஜினல் மார்க் ஷீட்டுகளும் வாங்கி வைத்துக்கொண்டது. அக்கா கறவை மாட்டை விற்றுக் கொடுத்த பணம் அது. வேலையும் வரவில்லை, அடுத்த நேர்காணலில் காட்டச் சான்றிதழும் இல்லை. ஐந்து தடவை அலைந்து மார்க் ஷீட்டை மட்டும் மீட்டோம். வேலை கொடுக்கிறவர் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினலைக் காட்டலாம், அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாது. ஜெராக்ஸ் கொடுக்கும்போது எதற்குக் கொடுக்கிறீர்கள் என்று தேதியோடு அதன் மேலேயே எழுதுங்கள். ஆன்லைனில் பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் செய்யுங்கள்.

ஓசூர், பர்கூர், சூளகிரிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆபரேட்டர் வேலைக்கு பி.இ. படித்தவனை எடுக்கத் தயங்குகிற இடங்கள் இருக்கின்றன, சீக்கிரம் விட்டுப் போய்விடுவான் என்று. அதனால் டிகிரியை மறைத்து பிளஸ் டூ சான்றிதழோடு சேர்கிறார்கள். வீட்டு நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் சேர்ந்த தேதி பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் பதிந்துவிடும். பின்னால் இன்ஜினியர் வேலைக்குப் போகும்போது அங்கே மறைத்ததை இங்கே விளக்க வேண்டி வரும். அதைவிட அப்ரெண்டிஸ் பயிற்சி நல்லது. பி.ஏ., பி.காம். படித்தவர்களும் சேரலாம். 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000 ரூபாய், முடிவில் சான்றிதழ். அதே கம்பெனி பிறகு வேலை கொடுத்தே தீர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, அதையும் தெரிந்துகொண்டே சேருங்கள்.

கேட்டில் பெரிய கம்பெனி பெயர் இருக்கும், வேலை ஆர்டரில் கான்ட்ராக்டர் பெயர் இருக்கும். நாளைக்கு அனுபவச் சான்று தரப்போவது யார் என்று சேரும் முன்பே கேளுங்கள். பி.எஃப். மாதாமாதம் கட்டுகிறார்களா என்று உங்கள் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். நம்பர் போட்டு நீங்களே பார்க்கலாம். மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டா என்றும் கேளுங்கள்.

அப்புறம் அரசு வேலை. 2025 டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு அறிவிப்பில் இருந்த இடங்கள் 3,935. விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். எழுத வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன், எங்கள் ஊரில் எழுதி ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். மூன்று நான்கு வருடம் வேறு எதுவுமே செய்யாமல் அதற்கு மட்டும் உட்காருவதுதான் பயமாக இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வ பயிலும் வட்டம் மூலம் இலவச வகுப்பு நடக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வழி தேடுங்கள். அந்த அலுவலகப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் மறக்காதீர்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். “பக்கத்து வீட்டுப் பையன் போயிட்டான், நீ எப்போ?” என்று தினமும் கேட்டால் பிள்ளை கல்யாணம் காட்சிக்குப் போவதை நிறுத்திவிடுவான். பிறகு வெளியே வருவதையே நிறுத்துவான். யாராவது பணம் கட்டினால் வேலை என்றால் யோசிக்காமல் தலையாட்டுவதும் அந்த நேரத்தில்தான். கடைப் பக்கம் ஒரு மாதம் தலைகாட்டாத பிள்ளைக்கு நானே போன் போட்டு, “புது அறிவிப்பு வந்திருக்கு தம்பி, சாயங்காலம் வா” என்கிறேன்.