பீர் திருவிழா நாளில் புது பாருக்குப் போனால்

பீர் திருவிழாவுக்காகப் புதுச்சேரி பாருக்குப் போகிறீர்களா? கடலூரிலிருந்து இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். போவது சுலபம், திரும்புவதை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க வண்டி ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 60 கிலோ எடையுள்ளவர் வெறும் வயிற்றில் 5 சதவீத பீர் அரை லிட்டர் குடித்தாலே அந்த அளவைத் தாண்டிவிடலாம். அதனால் பைக்கை வீட்டிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். இறங்கும்போதே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாரில் பாட்டிலில் அடைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புதுச்சேரி சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவர முடியாது, ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்வார்கள். குடிப்பதற்கான வயதும் எல்லையின் இருபுறமும் வேறு வேறு: புதுச்சேரியில் 18, தமிழ்நாட்டில் 21. இளவட்டமாகத் தெரிபவர்கள் அடையாள அட்டை எடுத்துப் போவது நல்லது.

கதவு திறந்ததும் ஓடிப் போகாதீர்கள். முதல் நாள் இரவு குழாயில் தேங்கிய பீர்தான் அன்றைய முதல் கிளாஸில் இறங்கும். வெயில் ஊரில் அது சூடேறி, வெறும் நுரையாகக் கொட்டும். திறந்து ஒரு மணி நேரம் கழித்துப் போனால் ஓடுவது புது பீராக இருக்கும், கூட்டமும் சேர்ந்திருக்காது. இருட்டிய பிறகு கூட்டம் நெருக்கும், கிளாஸை அவசரத்தில் அலசுவார்கள், பார்டெண்டரிடம் நின்று பேசவும் முடியாது. டோக்கன் முறை என்றால் மிஞ்சியதற்குப் பணம் திருப்பித் தருவார்களா என்று கேட்டுவிட்டு, இரண்டு மூன்று மட்டும் வாங்குங்கள்.

உள்ளே போனதும் பலகையைப் பாருங்கள். பெயரைவிட இரண்டு எண்கள் முக்கியம்: ஆல்கஹால் சதவீதம், கசப்பைச் சொல்லும் ஐபியு. பிறகு கெக்கைப் பற்றி, அதாவது பீர் பீப்பாயைப் பற்றி, ஒரே ஒரு கேள்வி: "அண்ணே, எந்தக் கெக்கு இன்னைக்கு மாத்துனது?" திருவிழா நாளில் கூட்டத்தால் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான், கெக் சீக்கிரம் காலியாகிப் புதிது ஏறிக்கொண்டே இருக்கும்.

முழு மக் வேண்டாம். 100 முதல் 150 மில்லி வரை ஊற்றும் சாம்பிளர் நான்கு போதும். நிறத்தை வைத்து வரிசை போடுகிறார்கள், அது தப்பு. கருப்பாக இருக்கும் ஸ்டவுட் (வறுத்த தானியத்தில் காய்ச்சுவது) பல சமயம் 5 சதவீதத்துக்குள் நிற்கும், வெளுத்த, கசப்பு தூக்கலான ஐபிஏ 7 சதவீதத்தைத் தொடும். கசப்பு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள்: லாகர் (நம் ஊர் பாட்டிலில் வரும் சாதா பீர் வகை), கோதுமை பீர், ஸ்டவுட், கடைசியில் ஐபிஏ. பீரில் போடும் ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும். ஐபிஏவை முதலில் குடித்தால் அதன் பின் லாகர் தண்ணீராகத்தான் தெரியும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

புது பாரை எடைபோட லாகரை விட்டால் வேறு வழியில்லை. ஹாப்ஸும் வறுத்த மால்ட்டும் (முளைகட்டிய தானியம்) குறையை மூடிவிடும், லாகருக்கு அந்தப் போர்வை கிடையாது. வெண்ணெய் அல்லது பட்டர்ஸ்காட்ச் மிட்டாய் வாசம் வந்தால் புளிக்க விட்ட நாள் போதவில்லை, இல்லையென்றால் குழாய் அழுக்கு. குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். அவித்த மக்காச்சோள வாசம் என்றால் காய்ச்சும்போது நன்றாகக் கொதிக்கவில்லை. பச்சை ஆப்பிள் வாசம் அவசரமாக இறக்கிய பீர், நனைந்த அட்டை வாசம் காற்றுப்பட்டுப் பழசானது. காடி மாதிரி புளித்தால் கிருமி புகுந்திருக்கிறது. புளிப்புக்காகவே காய்ச்சும் வகைகளும் உண்டு, அது பலகையிலேயே எழுதியிருக்கும். ஜெர்மன் வகைக் கோதுமை பீரில் வாழைப்பழமும் கிராம்பும் மணப்பது குறையல்ல, அது ஈஸ்ட் செய்கிற வேலை. பெல்ஜியம் வகையில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் போட்டிருப்பார்கள். இரண்டும் கலங்கலாகத்தான் இருக்கும்.

கிளாஸையும் பாருங்கள். உள்சுவரில் குமிழிகள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ போகவில்லை என்று அர்த்தம். நுரையும் நிற்காது. இரண்டு விரல்கடை நுரை இருக்கட்டும், "நுரை இல்லாம ஊத்துங்க" என்று சண்டை போட வேண்டாம், மணம் மேலே வருவதே அதனால்தான். ஃப்ரீசரில் வைத்து உறைந்த கிளாஸ் கொடுத்தால் சாதா கிளாஸ் கேளுங்கள். அதிகக் குளிர்ச்சியில் நாக்கு மரத்துவிடும், கிளாஸில் உறைந்த பனி உருகி பீரில் கலக்கும். லாகருக்கு 4 முதல் 7 டிகிரி சரி. ஸ்டவுட்டுக்கு 10 முதல் 12 டிகிரி. நம் ஊர் வெக்கையில் ஸ்டவுட்டைச் சும்மா கொஞ்ச நேரம் மேசையில் வைத்தாலே போதும், அதன் காபி வாசம் திறந்துகொள்ளும்.

சைடு டிஷ்ஷில் நெத்திலி வறுவல் லாகருக்கும் கோதுமை பீருக்கும் பொருந்தும். மட்டன் சுக்கா ஸ்டவுட்டோடு நன்றாகப் போகும். காரம் தூக்கலான எதையும் ஐபிஏவோடு சேர்க்காதீர்கள். கசப்பும் ஆல்கஹாலும் மிளகாய்க் காரத்தை ஏற்றிவிட, அதை அணைக்க இன்னொரு கிளாஸ் கேட்பீர்கள்.

120 மில்லி வீதம் நான்கு சாம்பிளர், 5 சதவீதம் என்று வைத்தால், சுமார் 19 கிராம் ஆல்கஹால். உடம்பு மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் கழிக்கும். ஆக, மப்பு முழுசாக இறங்க சுமார் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். எலுமிச்சையோ காபியோ இதை வேகப்படுத்தாது.

கெட்டுப்போன பீர் வந்தால் திருப்பிக் கொடுக்கத் தயங்காதீர்கள். "நல்லாயில்லை" என்று மட்டும் சொல்லாமல், வெண்ணெய் வாசம், காடிப் புளிப்பு என்று பெயர் சொல்லி, பார்டெண்டரையும் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதை முதல் வாயிலேயே சொல்லிவிடுங்கள், முக்கால் கிளாஸைக் காலி செய்துவிட்டுச் சொன்னால் எந்த பார்டெண்டரும் நம்ப மாட்டார்.