"மேலே மெனுவே இல்லையே!": இணையப் பக்கத்துக்கு வழிகாட்டிக் குறிப்பு எழுதுவது எப்படி?

எங்கள் குடியிருப்பின் பராமரிப்புத் தொகையை இணையத்தில் கட்டுவதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். முதல் வரி: "மேலே உள்ள மெனுவில் கட்டணம் என்பதை அழுத்தவும்." அன்று மாலையே மூன்றாம் மாடிப் பெரியம்மா போன் செய்தார். "தம்பி, மேலே மெனுன்னு ஒண்ணுமே இல்லையே!" நான் லேப்டாப்பைப் பார்த்து எழுதியிருந்தேன். அவர் கையில் இருந்தது செல்போன். அதில் மெனு முழுவதும் மூன்று கோடுகளுக்குள் சுருங்கிவிடுகிறது. குறிப்பைத் திரும்ப எழுதிய விதம் இதுதான்.

1. படிப்பவர் எதில் பார்ப்பாரோ, அதிலேயே வேலையை முழுதாகச் செய்து பாருங்கள். குரோம் பிரவுசரில் உள்ள டெவலப்பர் கருவியில் திரையைச் செல்போன் அளவுக்குச் சுருக்கிப் பார்க்கலாம், அவசரத்துக்கு உதவும். நான் நம்புவது நிஜ போனைத்தான்.

2. திரையில் உள்ள சொல்லை எழுத்து மாறாமல் எழுதுங்கள். "சமர்ப்பி" என்று இருந்தால் "சமர்ப்பி"தான். "அனுப்பு" என்று எழுதினால் அந்தச் சொல்லைத் தேடுவார்கள். பக்கம் ஆங்கிலத்தில் இருந்தால் அந்தச் சொல்லை ஆங்கில எழுத்திலேயே விடுங்கள், மொழிபெயர்க்காதீர்கள். சொல்லைத் தடித்த எழுத்தில் காட்டினால் போதும். வண்ணம் வேண்டாம், நகல் எடுத்தால் போய்விடும்.

3. எழுத்தே இல்லாத சின்னங்களில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அவற்றுக்கு மூன்று தகவல் வேண்டும்: எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, தொட்டால் என்ன நடக்கும். கடைசித் தகவலை விட்டுவிடாதீர்கள். சரியானதைத்தான் தொட்டோம் என்று அவருக்குத் தெரிவது அதனால்தான். அந்த மூன்று கோடுகள் 1981இல் வந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினிக்காக நார்ம் காக்ஸ் வரைந்தவை. வடிவமைப்பாளர்கள் ஹாம்பர்கர் மெனு என்பார்கள். உங்கள் குறிப்பில் அந்தப் பெயர் வேண்டாம்.

4. செக்பாக்ஸை "டிக் செய்யும் சதுரக் கட்டம்" என்று எழுதுங்கள். ரேடியோ பட்டன் என்றால் "வட்டங்களில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்". பழைய கார் ரேடியோவில் ஒரு பட்டனை அழுத்தினால் மற்றது வெளியே வரும், பெயர் அதிலிருந்து வந்தது. "டேப்" என்ற சொல்லை நான் விட்டேவிட்டேன். விசைப்பலகையில் ஒரு டேப், பிரவுசரில் ஒரு டேப், பக்கத்துக்குள் ஒரு டேப், பேரன் கையில் இன்னொரு டேப்!

பின்சேர்க்கை: பார்வையற்ற தன் அப்பாவுக்கு "பச்சை பட்டன்", "மூன்று கோடுகள்" எப்படித் தெரியும் என்று ஒரு வாசகர் கேட்டார். மிகச் சரியான கேள்வி. நிறம், வடிவம், இடம் ஆகியவற்றை மட்டுமே நம்பி வழி சொல்லக்கூடாது என்று இணைய அணுகல்தன்மை வழிகாட்டியின் (WCAG, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி பக்கங்களை அமைப்பதற்கான விதிகள்) 1.3.3ஆம் விதியும் சொல்கிறது. திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் என்விடிஏ (NVDA) என்ற இலவசத் திரைவாசிப்பான் மென்பொருளை விண்டோஸ் கணினியில் நிறுவி, இன்சர்ட் விசையுடன் எஃப்7 அழுத்துங்கள். பக்கத்தில் உள்ள இணைப்புகளும் பட்டன்களும் பெயரோடு பட்டியலாக வரும். எங்கள் பக்கத்தில் அந்த மூன்று கோடுகளுக்கு "மெனு" என்ற பெயர், திரையில் தெரியாவிட்டாலும், உள்ளே இருந்தது. இப்போது முதல் வரி இப்படி இருக்கிறது:

"வலது மேல் மூலையில் மெனு பட்டன் (மூன்று கோடுகள்) இருக்கும். அதைத் தொட்டால் ஒரு பட்டியல் விரியும். அதில் கட்டணம் என்பதைத் தொடுங்கள்."