ஒரே படத்தை ஊரெல்லாம் காட்டாதீர்கள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு சின்ன அறையில் இருந்துகொண்டு, தேயிலை பொதி செய்து விற்பவர்களுக்கும் சுற்றுலாக்காரர் வரும் எல்ல என்ற ஊர்ப் பக்கம் தங்குமிடம் நடத்துபவர்களுக்கும் சோஷியல் மீடியா வேலை செய்து கொடுக்கிறேன். அண்மைக் காலமாக நம் பிள்ளைகள் நிறையப் பேர் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் வெளிநாட்டுக்காரர்களுக்கு என்று அவர்கள் போடும் போஸ்டுகளைப் பார்த்தால், நான் விழுந்த அதே கிடங்கில் வரிசையாக விழுகிறார்கள்.

சீனாவில் வெள்ளை துக்க நிறம், ஜப்பானில் 4 ஆகாத எண் என்பதையெல்லாம் யூடியூபில் யாரும் சொல்லுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே உள்ள தலைப்பு ஒவ்வொன்றும் நாம் விடும் ஒரு பிழை.

ஒரே படம், ஒரே வாசகம், எல்லா நாட்டுக்கும்

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. நண்பர் ஒருவர் சிறிய அளவில் தேயிலை அனுப்பத் தொடங்கியிருந்தார். ஜேர்மனியில் ஒரு கடைக்காரரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. விளம்பரப் படம் எடுக்க நான் போனேன். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவரை நிறுத்தி, சேலைக்கு மேல் இடுப்பில் கட்டியிருந்த படங்கை, அதாவது தடித்த விரிப்பை, அவிழ்க்கச் சொன்னேன். அப்போதுதானே சிவப்புச் சேலை தெரியும்! கூடையை இப்படிச் சரி, அப்படித் திருப்பு என்று சொல்லி, மேகம் விலகும்வரை காத்திருந்து, ஒன்றரை மணித்தியாலம் போய்விட்டது. "புன்னகையோடு பறித்த கொழுந்து" என்று ஒரு வரி. கூகுளில் போட்டு ஆங்கிலம், ஜேர்மன், சிங்களம். காசு கட்டிப் பூஸ்ட் பண்ணியாயிற்று.

தமிழ்நாட்டிலிருந்து இதயக்குறிகள் வந்தன. கோத்தகிரியிலிருந்து ஒரு பெரியவர் எழுதினார்: "இது எந்த டிவிஷன் தம்பி? எங்க அம்மா கொழுந்தெடுத்த மலை மாதிரியே இருக்கு." மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப 1964ஆம் ஆண்டு செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து போன குடும்பம். நீலகிரியில் அப்படிப் போனவர்கள் ஏராளம், அங்கேயும் தேயிலைத் தோட்டத்திலேயே வேலை. அவருக்கு நம் தேயிலைப் பொதி எதற்கு? ஊரைத் தேடி வந்த மனுசனுக்கு நான் அனுப்பி வைத்தது விலைப்பட்டியல்.

ஜேர்மனியிலிருந்து வந்தவை எல்லாம் கேள்விகள். இந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி எவ்வளவு? படத்தைப் போட எழுத்தில் அனுமதி வாங்கினீர்களா? அங்கே ஒருவருடைய முகத்தை அவர் சம்மதிக்காமல் விளம்பரத்தில் போடுவது சட்டப்படி தவறு. கூலியைப் பற்றிக் கேட்பதையும் அங்கே பலர் வம்பாக நினைப்பதில்லை, சாமான் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. நம் ஆட்களுக்கு நாளுக்கு 1000 ரூபாய் என்பதே பல வருடம் போராடிய பிறகு 2021இல்தான் வந்தது. அதைப் "புன்னகை"க்குக் கீழே எப்படி எழுதுவது? நான் ஒன்றும் எழுதவில்லை. இங்கே ஒரு கொமெண்டுக்குப் பதில் போடாவிட்டால், ஆள் வேலையாக இருக்கிறார் என்று விட்டுவிடுவார்கள். அங்கே எதையோ மறைக்கிறோம் என்று எடுத்துக்கொண்டார்கள். கடைக்காரரும் அனுமதிக் கடிதம் கேட்டார். இல்லை என்றோம். அதற்குப் பிறகு அவரிடமிருந்து மின்னஞ்சலே இல்லை.

எல்லாவற்றையும்விடச் சுட்டது நம் பக்கத்துக் கொமெண்ட்தான். மஸ்கெலியாப் பையன் ஒருவன்: "படங்கு கட்டாம எந்த மலையில அண்ணே கொழுந்து எடுக்குறாங்க? அக்கா சிரிக்கல, வெயிலுக்கு முகம் சுளிக்குது." படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உண்மைதான். அதற்குக் கீழே இன்னொருவர்: "அன்னைக்கு அவங்களுக்கு முழுப்பேரா, அரைப்பேரா?"

மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு: சொன்ன நிறைக்குக் கொழுந்து சேராவிட்டால் அந்த நாள் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். விசாரித்தேன். அரைப்பேர்தான். நான் பிடித்து வைத்த நேரத்தில் நிறை குறைந்துவிட்டது. பிறகு அக்காவின் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போய் மீதிக் காசைக் கொடுத்தேன். அக்கா வாங்கிக்கொண்டு, தேத்தண்ணி போட்டுத் தந்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஜேர்மனிக்கு என்றால் எந்தத் தோட்டம், எத்தனை அடி உயரம், எந்த மாதத்துக் கொழுந்து, என்ன கூலி என்பதை முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன். சொல்ல முடியாவிட்டால் முகமில்லாத படம்தான். உள்ளூருக்கு விலையும் பொதியின் நிறையும் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் போதும், கொழுந்து எப்படி எடுப்பது என்று மலையகத்தாருக்கு நாம் காட்டத் தேவையில்லை. புதுப் பிள்ளைகளோ ட்ரோனை ஏற்றி அதே அக்காமாரை எறும்பு மாதிரி எடுத்து, அதே புன்னகை வரியைப் போடுகிறார்கள்.

கோப்பையில் பால்

ஈராக்குக்கும் ஈரானுக்கும் பால் தேநீர்ப் படம் போடாதீர்கள். அங்கே சின்னக் கண்ணாடிக் கிளாஸில் சாயம் பளிச்சென்று தெரிய வேண்டும். ஈரானில் சீனிக்கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு குடிப்பவர்களும் உண்டு. தமிழ்நாடு இதற்கு நேர் எதிர், அங்கே டீ என்றால் ஆற்றி நுரை தள்ளிய பால் டீ. நுவரெலியாத் தேயிலையின் இளஞ்சாயத்தைக் காட்டினால் "தண்ணியா இருக்கே" என்பார்கள். அவர்கள் தேடுவதும் "டீத்தூள்" என்று, "தேயிலை" என்றல்ல. தமிழ்தானே என்று இங்கே எழுதியதை அப்படியே அங்கே போட்டால் கண்ணிலேயே படாது.

நோன்பு மாதத்தில் காலைச் சாப்பாடு

ரமழான் ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் வரும். அது தெரியாமல், முட்டை அப்பமும் கட்டச் சம்பலும் வைத்த படத்தை நட்ட நோன்பில் சவூதிக்குப் போட்டவன் நான்தான். நம் நேரம் அவர்களுக்கு இரண்டரை மணித்தியாலம் முந்தியது. நோன்பு திறந்த பிறகு, அவர்களுடைய இரவில் போடுங்கள். நான் வேலை செய்து கொடுக்கும் தங்குமிடத்துக்கு அங்கிருந்து வந்த குடும்பங்கள் முதலில் கேட்டது சாப்பாட்டை அல்ல, தனி வாசல் இருக்கிறதா என்று.

டிக்டொக்கில் தமிழ்நாட்டைத் தேடுவது

2020 ஜூனிலிருந்து இந்தியாவில் டிக்டொக் தடை. ரீல்ஸுக்குப் போங்கள்.

சீனாவுக்குப் பேஸ்புக்

2009 முதல் அங்கே முடக்கம்.

ஜப்பானுக்கு வட்ஸ்அப் இலக்கம்

அவர்கள் இருப்பது லைன் செயலியில். நம் லயன் வீடுகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விலை கேட்டால் "இன்பொக்ஸ் வாங்க" என்பது

இங்கே "விலை?" என்று கேட்டால் இன்பொக்ஸுக்கு வருவார்கள், குறைப்பார்கள், வாங்குவார்கள். ஜேர்மன்காரர் அப்படியே போய்விடுவார், எதையோ மறைக்கிறோம் என்ற அதே நினைப்போடு. விலையைப் படத்திலேயே போடுங்கள். நண்பரின் பக்கத்தில் இன்னும் இன்பொக்ஸ்தான். சொல்லிப் பார்த்துவிட்டேன்.